ஐம்பதுக்கு ஒன்று குறைச்சல்

எங்கள் ஊரில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் முதலில் என் கடைக்குத்தான் வர வேண்டும். இரிஞ்ஞாலக்குடா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மரியா ஷீல்டு ஹவுஸ். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைக்கு வார்டு மெம்பர் ஒரு ஷீல்டு கொடுப்பார், வாசகசாலை ஒன்று, நகைக்கடை ஒன்று, கூட்டுறவு சங்கம் ஒன்று. ஜூன் மாதம் முழுக்க எனக்குக் கை ஓயாது. போர்த்திய பொன்னாடைகளில் பாதி மூன்று மாதத்தில் அரை விலைக்கு என்னிடமே திரும்பி வரும். ஷீல்டுகளும் வரும். ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டினால் பெயர்த் தகடு உரிந்துவிடும். தோமஸின் கௌரவம் அடுத்த வாரம் தாமோதரனுக்குப் போய்ச் சேரும். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறவளுக்கு, விருதுக்கு அலைகிறவர்கள் மேல் என்ன மதிப்பு இருக்கும்? எனக்கு ஒரு துளியும் இருந்ததில்லை.

அதிலும் புஷ்கரேட்டன் கடைப் படி ஏறினாலே எனக்கு எரிச்சல் வரும். மின்சார வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். சுலபத்தில் கிடைக்காத ஓ நெகட்டிவ் ரத்தம். முகாம் என்று எங்கே பந்தல் போட்டாலும் முதல் ஆளாய்ப் போய்ப் படுத்துக் கையை நீட்டுவார். எழுந்ததும் சான்றிதழ் எங்கே என்று கேட்பார். அப்படி நாற்பத்தொன்பது சான்றிதழ். அத்தனையையும் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தார். வீட்டுக்குப் போனால் தண்ணீர் வருவதற்கு முன்னால் சான்றிதழ் வரும். அவர் மனைவி விலாசினி சேச்சி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "காலண்டர் மாட்ட ஒரு ஆணிக்கு இடம் இல்ல ரோசிலி. தேதி பாக்கணும்னா பக்கத்து வீட்டுக்குப் போறேன்."

ஐம்பது முறை கொடுத்தவருக்கு எங்கள் ரத்ததானிகள் சங்கம் 'ரக்தரத்னம்' என்ற பட்டம் கொடுக்கும். மேடை, பொன்னாடை, எம்.எல்.ஏ. கையால் இரண்டடி ஷீல்டு. இதுவரை ஊரில் ஒருவரும் வாங்கியதில்லை. வாங்கியிருக்க வேண்டியவர் காண்ட்ராக்டர் பைலி.

மூன்று வருடத்துக்கு முன்னால் பைலி ஐம்பதைத் தொட்டுவிட்டார். ஷீல்டு கூட நான் செய்து வைத்தாயிற்று. அப்போது நாற்பதிலேயே நின்ற புஷ்கரேட்டனுக்குப் பொறுக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து பைலியின் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். "இதுல ஆறு தடவை சொந்தக்காரங்களுக்குக் குடுத்தது. ஆஸ்பத்திரி ஃபாரத்துல நோயாளி பேரோட இருக்கு. பொண்டாட்டிக்குக் குடுத்தது தானமா? அது கடமை. மச்சானுக்குக் குடுத்தது மரியாதை. யாருக்குப் போகுதுன்னே தெரியாம குடுக்கறானே, அதுதான் தானம். அது மட்டும்தான் கணக்குல வரணும்."

கேட்க நியாயமாக இருந்ததால் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. எழுதியவரும் புஷ்கரேட்டனே. நான் ஐம்பதை உரித்து நாற்பத்து நான்கு என்று ஒட்டிக் கொடுத்தேன். அந்த வருடமே பைலிக்கு ரத்த அழுத்தம் வந்து இனி கொடுக்கவே கூடாது என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து புஷ்கரேட்டன் வருகிற தெருவில் பைலி வரமாட்டார்.

இந்த வருடம் புஷ்கரேட்டனின் முறை. அக்டோபர் மூன்றாம் தேதி அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் ரத்தம் எடுக்கமாட்டார்கள். சங்கத்தின் முகாம் செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஐம்பதாவதை மேடைக்குப் பக்கத்திலேயே கொடுத்து, கையில் பஞ்சோடு போய்ப் பட்டத்தை வாங்குவதாகத் திட்டம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று ஒரு மாதமாக ரத்தத்தைச் சீராட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கடைக்கு வந்து தன் ஷீல்டைப் பார்வையிடுவார்.

"ரோசிலி, மேல இருக்கற விளக்கு இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாருக்குமோ?"

"இதுக்கு மேல பெரிசு வேணும்னா கோயில்ல இருந்து குத்துவிளக்கைத்தான் கழட்டிட்டு வரணும் புஷ்கரேட்டா. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, நீங்க ரத்தம் குடுக்கறதே இந்தப் பலகைக்குத்தானே?"

"பின்ன? சும்மா குடுக்க நான் என்ன கொசுவுக்குச் சம்பந்தியா?"

என் வீட்டுக்காரர் டேவீஸ் எழுத்து வெட்டும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிச் சிரிப்பார். அவருக்குப் புஷ்கரேட்டனைப் பிடிக்கும். எனக்குத்தான் ஆகாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முகாமுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, டேவீஸ் மெஷினிலிருந்து எழுந்து வாஷ் பேசினுக்குப் போனார். போனவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். மூட்டு வலிக்கு வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியிருந்ததாம். உடனே ஆபரேஷன் என்றார்கள். டேவீஸும் ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் இருந்ததே ஒரு பாட்டில். இன்னும் ஒன்றாவது வேண்டும், சோதித்து ஏற்றவே மூன்று நான்கு மணி நேரமாகும், சீக்கிரம் ஆளைக் கொண்டுவாருங்கள் என்றாள் நர்ஸ்.

பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவன் ஷார்ஜாவில் இருந்தான். ஒருவன் போன வாரம்தான் கொடுத்திருந்தான். ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பம். மிஞ்சிய பெயர் எனக்குத் தெரியும். கூப்பிட வாய் கூசியது. ஒரு முறை கொடுத்தால் மூன்று மாதம் மறுபடி கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து அவருக்கு வயது இருக்காது. எம்.எல்.ஏ. பார்க்க மேடைக்குப் பக்கத்தில் கொடுக்க வைத்திருந்த ஐம்பதாவதை நான் கேட்கப்போகிறேன். வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை முகாம்..." என்று இழுத்தார் புஷ்கரேட்டன்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன். "உங்களுக்கு ஷீல்டுதானே வேணும்? நான் தர்றேன். மூணடி. என் கடையிலயே அவ்வளவு பெரிசு யாருக்கும் செஞ்சதில்ல. நாலு பக்கமும் விளக்கு. உங்க போட்டோ. போதுமா? வந்து தொலைங்க புஷ்கரேட்டா!"

"போட்டோ கலர்லயா?" என்றார்.

அந்த நிமிடம் அந்த மனிதரை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

இருபது நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஃபாரத்தை வாங்கி அவரே எழுதினார். பாதியில் தலை நிமிர்ந்து, "டேவீஸோட முழுப் பேரு என்ன?" என்றார். டேவீஸ் கொச்சப்பன் என்றேன். பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தார். வயசாச்சு, எழுத்து மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு எழுதி, போய்ப் படுத்துக் கையை நீட்டினார். எழுந்து ஜூஸ் குடித்தார், ஒரு பழம் சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். சான்றிதழ் கேட்கவில்லை. எனக்கிருந்த பயத்தில் அது அப்போது உறைக்கவே இல்லை.

டேவீஸ் பிழைத்துவிட்டார். சனிக்கிழமை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். நான் கடைக்கு ஓடினேன். வாக்கு வாக்குதான். மூன்றடி ஷீல்டு, நான்கு விளக்கு, கலர் போட்டோ, நடுவில் தங்க நிறத்தில் ஐம்பது. செய்யும்போதே மனம் இளகிவிட்டது. பலகைக்கு ஆசைப்பட்டாலும் வந்தாரே என்று நினைத்தேன்.

மறுநாள் டவுன் ஹாலுக்கு ஷீல்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். புஷ்கரேட்டன் மேடையில் இல்லை. மூன்றாவது வரிசையில், அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் ஹரிதாஸ் மைக்கைப் பிடித்து நெளிந்தார். புஷ்கரேட்டன் செவ்வாய்க்கிழமை கொடுத்தது நோயாளியின் பெயரைக் குறித்துக் கொடுத்த ரத்தமாகப் பதிவாகியிருக்கிறது. தீர்மானத்தின்படி அது கணக்கில் வராது. ஆனாலும் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், சபை மனது வைத்தால் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்தப் பேனா நின்றது ஞாபகம் வந்தது.

பின்வரிசையிலிருந்து பைலி எழுந்தார். மூன்று வருடமாக இந்த நாளுக்குக் காத்திருந்த முகம். "குடுங்க, தாராளமா குடுங்க! புஷ்கரனுக்கு ஐம்பதுன்னு எழுதுங்க, முதல்ல கை தட்டறவன் நான்தான். அப்படியே என்னோட ஆறையும் திருப்பி எழுதிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே மேடைக்கு வர்றோம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சிரித்தார். நான் எழுந்து கத்தினேன்: "என் புருஷன் உயிரோட படுத்திருக்கான், அதுக்கு மேல என்ன கணக்கு வேணும் உங்களுக்கு?"

புஷ்கரேட்டன் எழுந்து என்னைப் பார்த்து உட்காரும்படி கை காட்டினார். "தீர்மானம் எழுதினவன் நான். நாற்பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். அன்று ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள், எல்லாம் என் கடைச் சரக்கு. அன்று கொடுக்காதவர் என்பதால் புஷ்கரேட்டனுக்கு அதுவும் இல்லை. ஒரு டீயும் பழம்பொரியும் கிடைத்தன.

வாசலில் அவரை மறித்து ஷீல்டை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். போட்டோவைத் துடைத்துப் பார்த்தார்.

"ஐம்பதுன்னு இருக்கு."

"ஐம்பதுதானே? அன்னிக்குக் குடுத்தது ரத்தமா, ரசமா?"

"நாற்பத்தொன்பதுன்னு மாத்திக் குடு."

"இது சங்கத்து ஷீல்டு இல்ல, என்னுது. நான் என்ன வேணா எழுதுவேன். பைலிக்கும் ஐம்பது கிடைச்சுடுமேன்னுதானே நீங்க மேடையை விட்டீங்க?"

"அதுவும் உண்டு" என்றார், வெட்கமே இல்லாமல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு டேவீஸுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன் ரோசிலி. அதுக்கு நம்பர் போட்டா அப்புறம் கடையில வந்து அவன் மூஞ்சியை எப்படிப் பாக்கறது? மாத்திக் குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் என் கடையில், தங்களுக்கு இல்லாத பெருமையை எழுதிக் கேட்டவர்கள் ஆயிரம் பேர். ஒன்றைக் குறைத்து எழுதச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதுவும் இந்த மனிதர்! கடைக்குப் போய் ஹேர் டிரையரை எடுத்தேன். ஐம்பது உரிந்து வந்தது. அந்த இடத்தில் நாற்பத்தொன்பதை ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து டேவீஸ் மெஷினுக்குத் திரும்பினார். வந்த முதல் நாளே, "இவ்வளவு வருஷம் இங்க உழைச்சிருக்கேன், எனக்கு ஒரு பொன்னாடை போத்தணும்னு உனக்குத் தோணவே இல்லயே" என்றார். அந்த ரத்தத்தோடு இதுவும் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை புஷ்கரேட்டன் வந்தார். வயது முடிந்துவிட்டது, முகாமும் இல்லை, இனி எதற்கு வரப்போகிறார் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"மெடிக்கல் காலேஜுக்கு உடம்பை எழுதி வச்சுட்டேன். கண்ணு, கிட்னி, தோலு, எது உதவுமோ எல்லாம். விலாசினியும் கையெழுத்துப் போட்டுட்டா. இதுக்கு சங்கம் ஷீல்டு குடுக்குமாம்."

"எப்போ?"

"செத்தப்புறம். அதான் வந்தேன். அப்போ எழுத்துல தப்பு வந்தா யாரு பாக்கறது? இப்பவே எழுதி வச்சுடு, நான் படிச்சுச் சரி பாத்துடறேன்."

நான் காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

"யாருக்குப் போகும்னு தெரியாது" என்றார் புஷ்கரேட்டன், முகமெல்லாம் சிரிப்பாக. "இது கணக்குல வரும். பைலி வாயைத் திறக்க முடியாது."

நான் பேனாவை எடுத்து, விளக்கு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன்.