பல் தேய்ந்த வைஸ்

வேலைமேசையின் இரும்புக் கவ்வியான வைஸில் இறுக்கிய கம்பி மறுபடியும் வழுக்கியது. உமா மகேஸ்வரி கைப்பிடியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுப் பார்த்தாள். மரை வெட்டுகிற டையைத் திருப்பினால் கம்பியும் கூடவே சுற்றியது.

பட்டறையை ஒட்டிய வீட்டில் அப்பா கணபதியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். தீவில் ஹேடோ பகுதித் தமிழர்களின் பாடை வண்டி வாசலில் ஒரு சக்கரம் இல்லாமல் சாய்ந்து நின்றது. தோள்கொடுக்க ஆள் இல்லாதவர்களும் சுடுகாட்டு மேடேறட்டும் என்று அப்பாவே வெல்டு வைத்துச் செய்த வண்டி. கடல் காற்றில் துருவேறிய அச்சு, இன்று வெளியே இழுத்ததும் மரையோடு ஒடிந்துவிட்டது. கடைசியில் என்னையும் இதிலேதான் ஏற்ற வேண்டும் என்று அவர் சொல்லாத நாளில்லை. இந்தக் கம்பியில் மரை வெட்டிப் புது அச்சாக்கினால்தான் சக்கரம் ஏறும்.

சித்தப்பா ஈஸ்வரன் உள்ளே வந்தார். "விடும்மா. ஆம்புலன்ஸ்ல போயிரலாம், க்யா ஃபரக் பட்தா, எதுல போனா என்ன?"

"அதுல அப்பா போகமாட்டாரு சித்தப்பா."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். ஊர் டுங்கிப் படகுகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தவரின் வைஸ் பல் தேய்ந்து கிடந்தது. கம்பியைக் கவ்வும் புதுத் தாடைகள் இரண்டை வெட்டி, திருகாணிக்குத் துளையும் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். பல் வெட்டுவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியே போய்ச் சேர்ந்துவிட்டார். உமாவுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையைவிட அது வேலைக்கு உதவியது.

தாடைகளை மேசையோடு கிளாம்பில் இறுக்கி, ஆக்சா பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் பல் வெட்டினாள். ஒப்பாரியை மீறிச் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் இரும்பை அறுக்கலாமா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அழகம்மா எழுந்து வந்து பார்த்தாள். மகளின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

"அவ அறுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உமா பழைய தாடைகளைக் கழற்றிப் புதியவற்றைத் திருகினாள். கம்பியை வைத்து இறுக்கினாள். டை கிறீச்சிட்டபடி இறங்கியது, கம்பி அசையவில்லை.

வெயில் சாயும்போது வண்டி புறப்பட்டது. தெருத் திருப்பத்தில் வழக்கம்போலப் பெண்கள் நின்றுகொண்டார்கள். உமா நிற்கவில்லை. ஈஸ்வரன் திரும்பிப் பார்த்தார்.

"நட்டு லூசானா யாரு டைட் பண்ணுவா?" என்றாள்.

அவர் சற்று ஒதுங்கி, கை வைக்க இடம் விட்டார். உமா ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள். மேட்டில் சக்கரம் உருள உருள, கூடவே சுற்றிய அச்சில் வைஸ் பதித்த பல் தடம் மேலே வந்து வந்து போனது.