கடுக்காய்க்காரியின் கூப்பிடு தூரம்

காலை ஏழு மணியிலிருந்து "இதோ, கூப்பிடு தூரந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறாள் கன்னியம்மாள். மணி பதினொன்றாகிவிட்டது. லத்தீப் சாயபுவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது. வாணியம்பாடியில் கூப்பிடு தூரம் என்றால் பக்கத்துத் தெரு. இந்தப் பாழாய்ப்போன மலையில் அதற்கு முடிவே இல்லை போலிருக்கிறது!

தோல் பதனிட அவர் வாங்கும் கடுக்காயைக் கொண்டுவந்து போடுகிறவள் அவள். முந்தாநாள் மேகத்துக்குள்ளிருந்து ஒரு விமானம் காட்டில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, மலைக்குக் கீழே தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்று நேற்று அவரிடம் ஓடிவந்தாள்.

"ரெக்கைக்கு ஒண்ணா ரெண்டு விசிறிங்க. ஒண்ணு சுத்தவே இல்ல," என்றாள்.

சாயபுவின் தம்பி ஃபரூக் முந்தாநாள் மெட்ராசிலிருந்து பெங்களூருக்கு ஏறியது அந்த ரெட்டை என்ஜின் விமானத்தில்தான். யுத்தம் முடிந்து வந்த புது மாடலாயிற்றே, ரயிலோடு எதற்கு மாரடிக்கிறாய் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் இவரேதான். போலீசுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர்கள் வரும்வரை பொறுக்காமல் கிளம்பிவிட்டார்.

தொடை இரண்டும் கடுத்தன. தோல் வியாபாரியின் செருப்பே பாதி வழியில் அறுந்துபோயிற்று.

முகட்டில் ஏறியதும் கன்னியம்மாள் நின்றாள். எதிர்மலைச் சரிவில், மரங்களுக்கு நடுவே, ஒரு ரெக்கை வெயிலில் பளபளத்தது.

"கூப்பிடுங்க சாயபு."

அவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். பதில் வராவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"ஃபரூக்! டேய் ஃபரூக்!"

மலை அதையே திருப்பிச் சொல்லி ஓய்ந்தது. அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல, "பாய்ஜான்..." என்று தம்பியின் குரல் கேட்டது.

"யா அல்லா!" பொத்தென்று பாறையில் உட்கார்ந்து அழுதார். "இன்னும் எவ்ளோ தூரம்மா?"

"அதாங்க, கூப்பிடு தூரம். கொரலு நேரா போய்டும். காலு பள்ளத்துல எறங்கி ஏறணும் இல்ல? பொழுது சாயறதுக்குள்ள போய்டலாம்."

மறுபடி கூப்பிட வாயைத் திறந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாங்க. நீங்க கூப்டா அவரு பதில் குடுப்பாரு. இருக்கிற தெம்பு அதுலயே போய்டும்."

சாயபு மேல்துண்டை வாயில் கவ்விக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். தம்பி இன்னும் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரு கூப்பாடு போதும். பொழுது சாயும்வரை அதை அவர் போடவில்லை.