திட்டுப் பாடம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்த கெட்ட வார்த்தையை எந்தப் பிள்ளைக்கும் யாரும் பத்துத் தடவை எழுதக் கொடுத்ததில்லை. ஒரே தடவைதான் கேட்டிருக்கும், ஆயுசுக்கும் மறக்காது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர் எப்சிபா இதை யோசித்துப் பார்த்துத்தான் இம்போசிஷனைத் தூக்கிக் கடாசினாள்.

வகுப்பில் புதுச் சட்டம் போட்டாள். யாரும் யாரையும் திட்டலாம். ஆனால் அந்த வாரத்து இங்கிலீஷ் சொல்லால்தான் திட்ட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத திட்டு செல்லாது.

"ஏலே, நீ செல்ஃபிஷ்! பிரியாணி கொண்டாந்துட்டு மூடியக்கூட முழுசாத் தொறக்காமத் திங்க!"

"நீ கேர்லெஸ்! பரீட்சைக்கு வந்தவன் பேனாவ மறந்துட்டு வந்த!"

அடடா, என்ன சத்தம், என்ன படிப்பு!

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் சாம்சன் ஓடி வந்தார். "டீச்சர், நாளைக்குத் தாளாளர் பிள்ளைககிட்ட இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேக்க வாராரு. வருசா வருசம் உள்ளதுதான். பிள்ளைக தப்பாச் சொன்னா ஜூன்ல ஒங்களுக்கு வேல இல்லன்னுட்டாரு. இந்தக் கூத்த விட்டுட்டு அர்த்தத்த உருப்போட வைங்க."

"உருப்போட்டுத்தான் போன வருசம் நாறிச்சு, சார்" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. இந்த வேலையும் போனால் எங்கே போய் நிற்பது என்று ராத்திரி பூரா பயந்து செத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு வர வேண்டிய தாளாளர், ரயில்வே கேட்டைத் திட்டிக்கொண்டே பன்னிரண்டரைக்கு வந்தார். பட்டியலைப் பிரித்து, முதல் பெஞ்சு ஷிரின் பானுவைப் பார்த்து, "பங்க்சுவல். அர்த்தம் சொல்லு" என்றார்.

"நீங்க பங்க்சுவல் இல்ல சார். பத்து மணிக்கு வாரேன்னு இப்பதான் வாரீங்க."

சாம்சன் கைக்குட்டையைத் தேடினார். தாளாளர் அவசரமாக அடுத்த சொல்லுக்குத் தாவினார். "ம்... எக்ஸாஜரேட்?"

"ஹெச்.எம். சார்தான், சார். நோட்டீஸ்ல நீச்சல்குளம் இருக்குன்னு போட்டுருக்காரு. இங்கன தண்ணித் தொட்டிதான் இருக்கு."

தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். எப்சிபாவுக்கு உயிர் வந்தது. அந்தக் குஷியில் மனுஷன் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டார். "டெம்பரரி?"

பாவி மனுஷா! அந்தச் சொல் பாடத்திலேயே கிடையாது. எப்சிபா சொல்லிக்கொடுத்ததும் கிடையாது.

ஷிரின் பானு கொஞ்சமும் யோசிக்காமல் எப்சிபாவைக் கை காட்டினாள்.

"எங்க டீச்சர், சார். எங்க அக்கா எட்டாப்பு படிக்கையிலயும் டெம்பரரிதான். அக்காவுக்கு இப்பம் கல்யாணமே ஆயிட்டு."

வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எப்சிபா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரியா, சார்?" என்று கேட்டாள் ஷிரின் பானு.

"சரிதாம்மா" என்றார் தாளாளர். பிறகு சாம்சனைப் பார்த்தார். "பெர்மனன்ட் ஆர்டர் அடியும் வே. பிள்ள அந்தச் சொல்லுக்கு வேற ஆளத் தேடிக்கிடட்டும்."