காஷ்பர் வாங்காத அடி

மே மாத முடிவில் எங்கள் மலைவிடுதியைத் திறப்பதென்றால் முதலில் கதவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அன்றும் நான் மண்வாரியும் கையுமாகப் பனியை வெட்டிக்கொண்டிருந்தேன். உதவிக்கு வரவேண்டிய இரண்டு தடியன்களும் அடிவாரத்திலேயே ஏதோ சாக்குச் சொல்லித் தங்கிவிட்டார்கள். அந்த எரிச்சலில் நிமிர்ந்தபோதுதான், கீழே வெள்ளைச் சரிவில் ஓர் ஆள் தனியாக ஏறி வருவதைப் பார்த்தேன். கொஞ்சம் நடப்பதும், குனிந்து மூச்சு வாங்குவதுமாக வந்தான்.

என்னைக் கண்டதும் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான். எங்கள் ஊர் காஷ்பரை எந்தத் தொப்பியாலும் மறைக்க முடியாது. வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னடா, கடைய யாரு பாத்துக்கறா?"

"பொலோனா! நீ அடுத்த வாரம்தானே வருவே?"

"நான் எப்ப வந்தா உனக்கென்ன? நீ எங்க இங்க?"

"சும்மாதான். பனி பாக்கலாம்னு."

அவன் காலைப் பார்த்தேன். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களை இடது வலது மாற்றி மாட்டியிருந்தான். பனிக்கோடரியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வேறு யாராவதென்றால் சிரித்திருப்பேன்.

ஆனால் இவன் காஷ்பர். நாட்டிலேயே உயரமான திரிக்லாவ் உச்சிக்குப் பாதை தொடங்கும் இடத்தில்தான் இவனுடைய மதுக்கடை. ஸ்லோவேனியாவில் பாதிப்பேர் இவனிடம் வழி கேட்டுத்தான் ஏறியிருக்கிறார்கள். "சின்ன உச்சி தாண்டினதும் கத்தி முனை மாதிரி ஒரு வரப்பு வரும். இரும்புக் கயித்த விடாமப் பிடிச்சுக்கோ. பயமா? என்ன பயம்? வானம் தெளிவா இருந்தா மேலேருந்து கடலே தெரியும்" என்று குவளையைத் துடைத்துக்கொண்டே சொல்வான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் ஏறியிருக்கிறானா என்று ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

உள்ளே கூட்டிப்போய், பார்லியும் பன்றிக்கறியும் போட்ட கஞ்சியை அவன் முன்னால் வைத்தேன்.

"நீ ஏறினதே இல்லையா?"

கஞ்சியைப் பார்த்துத் தலையாட்டினான்.

"ஒரு தடவகூடவா?"

"சத்தமாக் கேக்காதே!"

சுற்றிலும் மலைக்காக்கைகளைத் தவிர ஒரு குஞ்சு குருவி இல்லை.

அப்பா செத்த பிறகு பையனாகவே கடையில் நின்றுவிட்டானாம். மலை திறந்திருக்கும் மாதங்களில்தான் கடையில் கூட்டம். கூட்டமில்லாத மாதங்களில் மலையில் பனி. இருபது வயதில் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பதில் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

"அப்படியே காலத்த ஓட்டிருப்பேன். இந்த வால்தெர் வந்து சேர்ந்தான், என் பொண்ணு நேஷாவக் கட்டிக்கப்போறவன். கடற்கரைக்காரன், மலைய படத்துலதான் பாத்திருக்கான். கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருமா உச்சிக்குப் போகணுமாம். மாமா கையாலதான் அடி வாங்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அடி வாங்காதவன் அடிக்கலாமா, சொல்லு?"

அடிக்கக்கூடாதுதான். முதல் தடவை உச்சியில் நிற்பவர் யாராக இருந்தாலும் குனிய வேண்டும். ஏற்கெனவே அப்படி அடி வாங்கிய ஒருவர் கயிற்றால் பின்புறத்தில் மூன்று போடுவார். ஆயரானாலும் ஆடு மேய்ப்பவரானாலும் அதில் தப்பிக்க முடியாது. அதற்குப் பிறகுதான் இந்த நாட்டுக்காரர் என்றே எங்களுக்குள் பேச்சு.

"நாளைக்குக் காலைல பனி கெட்டியா இருக்கும்போது நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்தா என் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்? 'பொலோனாதான் கையப் பிடிச்சு ஏத்திவிட்டா'ன்னு நாளைக்கு நீயே எவன்கிட்டயாவது உளறுவே. தனியாத்தான் போவேன்."

எவ்வளவோ திட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் காலை நீட்டச் சொல்லி, இரும்பு முட்களை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் போய்விட்டான். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பைனாகுலரோடு வாசலில் நின்றேன். சின்ன உச்சி வரைக்கும் நன்றாகத்தான் ஏறினான். அங்கே நின்றுவிட்டான். அதற்கப்பால்தான் அந்த வரப்பு. இரண்டு பக்கமும் பாதாளம். ஊருக்கெல்லாம் அவன் பிடிக்கச் சொன்ன இரும்புக் கயிறு பனிக்கு அடியில் புதைந்து கிடந்தது.

திரும்பிடுடா, திரும்பிடு என்று வாய்விட்டே சொன்னேன். அவன் விழுந்தால் நேஷாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான். ஏன் தனியாக விட்டேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவனோ வரப்பின்மேல் குதிரையில் ஏறுவதுபோல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தான். பிறகு அப்படியே உட்கார்ந்த வாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தான். உள்ளே பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது. போனால் போகட்டும் என்று நின்றேன்.

உச்சிக்குப் போய்விட்டான். அங்கிருக்கும் சின்னத் தகரக் கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்தான். கயிறு! ஒரு கையால் கோபுரத்தைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் கயிற்றைச் சுழற்றித் தன் பின்புறத்தில் தானே போட்டுக்கொண்டான். மூன்று அடி.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அடிப்பதற்குக்கூட ஆளில்லாமல் ஒருவன் அங்கே நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. தேநீரில் பேரிக்காய்ச் சாராயத்தைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தேன்.

"கடல் தெரிஞ்சுதா?"

"கண்ணத் தொறந்தாத்தானே." ஒரு வாய் குடித்தான். "பாத்தியா நீ? அது கணக்குல சேருமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சேராதுடா. வேணும்னா நான் இப்பவே மூணு போடறேன்."

"இங்கயா? உச்சில போட்டாத்தான் செல்லும்." சட்டமெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "விடு. நான் வந்தத யாருகிட்டயும் சொல்லாதே."

சொல்லவில்லை.

ஆகஸ்டில் கல்யாணக் கூட்டம் வந்தது. அடுப்பைப் பையன்களிடம் விட்டுவிட்டு நானும் கூடவே ஏறினேன். பனி போய், இரும்புக் கயிறு வெயிலில் மின்னியது. காஷ்பர் அதை விடாமல் பிடித்து வந்தான். உச்சியில் தகரக் கோபுரத்தைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். வால்தெர் சிரித்துக்கொண்டே குனிந்தான். காஷ்பர் கயிற்றை ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

"என்ன மாமா, பாவம் பாக்கறீங்களா?" என்றான் குனிந்தபடி.

காஷ்பர் திரும்பிக் கயிற்றை மகள் கையில் கொடுத்தான். "நான் இன்னும் வாங்கலம்மா. மே மாசம் திருட்டுத்தனமா தனியா ஏறினேன். அடிக்க ஆளில்ல. மொதல்ல எனக்கு நீ போடு."

நேஷாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"சின்ன வயசுல ஸ்கூல்லேருந்து இங்க வந்து அடி வாங்கிட்டு எறங்கினேன்ல? கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் கடல் தெரியும் கடல் தெரியும்னு சொல்வீங்க. அன்னிக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'நெசமாவே தெரிஞ்சுதா'ன்னு கேட்டீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவர அப்படி அடம்பிடிக்கச் சொன்னதே நான்தான். இல்லாட்டி நீங்க எந்த ஜென்மத்துல ஏறுவீங்க?"

காஷ்பர் கோபுரத்தைப் பிடித்துக் குனிந்தான். நேஷா மூன்று போட்டாள். அப்பா என்று பார்க்கவேயில்லை. மூன்றாவது அடியில் எனக்கே வலித்தது.

"என்னை மறந்துட்டீங்களா?" என்றான் வால்தெர், இன்னும் குனிந்தபடியே.

"இருடா மாப்ளே, வரேன்." காஷ்பர் பின்புறத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தான். கன்னமெல்லாம் ஈரம். "நேஷா, எந்தப் பக்கம்மா?"

அவள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். அன்று மேகமே இல்லை. மலைகளெல்லாம் முடியும் இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. காஷ்பர் வெகுநேரம் பார்த்தான்.

"நான் சொன்னது சரிதான்" என்றான்.