அணைக்காமல் ஏற்றிய பெட்டி

லாரி ஓட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இந்த டிரைவரைப் பார்த்ததில்லை. ஆபீஸ் இடம் மாறினால் மேசை நாற்காலியோடு கம்ப்யூட்டர்களையும் ஏற்றிப்போய், ஒயர் பிசகாமல் பொருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவான். கிளம்பும் முன் ஒவ்வொரு பெட்டியையும் ஒருமுறை அணைப்பான், மறுபடி போடுவான், "எழுந்துடுச்சு பாருங்க" என்பான். அதைச் சொல்லாமல் எந்த இடத்திலும் படியிறங்கியதில்லை. கூட வேலை செய்யும் மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன், "மாப்பிள்ளை கை தன்னால போகும், தூக்கத்துலகூட அணைச்சுப் போட்டுப் பார்ப்பாரு" என்று கிண்டலடிப்பான்.

அன்றைக்கு ஆபீஸ் இல்லை, வீடு. தனியாக இருக்கும் ஒரு அம்மா, மகள் வீட்டு மாடிக்குக் குடிபோகிறாள். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம். திரை இருண்டிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் அணைக்காம கொண்டு வரணும் தம்பி."

"ஒயரைப் பிடுங்கினா அணைஞ்சிடுமேம்மா. பயப்படாதீங்க, உள்ள இருக்கிற படம், பாட்டு எதுவும் போகாது."

"அது எனக்கும் தெரியும். பொண்ணும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டா. இது வேற." அந்த அம்மா பெட்டியின் மேல் கை வைத்தாள். "பையன் போட்டுட்டுப் போனது. கடைக்குக் கிளம்பினான். அணைச்சிடாதம்மா, இதோ வந்துடறேன்னான். தெருமுனையில பஸ் அடிச்சிடுச்சு."

மச்சானுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மூட்டையே இல்லாத மூலையில் மூட்டை கட்டுவது போல் குனிந்தான்.

பிள்ளை போய் வருஷம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளை கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான், அதையாவது செய்யாமல் எப்படி இருப்பாள்?

டிரைவர் தலையைச் சொறிந்தான். பிறகு, "ஆகட்டும்மா, கொண்டு போயிடலாம்" என்றான்.

மேசைக்கடியில் யு.பி.எஸ். இருந்தது. அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். வண்டியிலோ, சாமான்களைச் சோதித்துப் பார்க்க அவன் ஏற்கெனவே இன்வர்ட்டர் பொருத்தி வைத்திருந்தான். வீட்டு பிளக்கைப் பிடுங்கியதும் யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பெட்டியை டிரைவர் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, யு.பி.எஸ்ஸை மச்சான் தூக்கிக்கொண்டான். நடுவில் முழ நீள ஒயர்.

"மச்சான், இழுத்துடாத."

"நீங்க ஓடாதீங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி பிரசவத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பதறல."

அந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். வண்டிக்குள் இன்வர்ட்டரில் செருகியதும் கத்தல் அடங்கியது. மச்சான் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டிரைவர் லாரியை நடக்க விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கை மிதித்து மெல்ல இறக்கி ஏற்றினான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்து அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறவன், அன்று காது கேளாதவன் போல ஓட்டினான். பக்கத்தில் அந்த அம்மா நிமிஷத்துக்கு ஒருதரம் பின்பக்கம் திரும்பி, "எரியுதா?" என்று கேட்டாள். "எரியுதும்மா" என்று மச்சான் குரல் கொடுத்தான்.

மாடிப்படியில் மறுபடி கீ கீ. புது அறைச் சுவரில் செருகியதும் நின்றது. விளக்கு எரிந்தது, விசிறி உறுமியது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருப்பீங்க ரெண்டு பேரும். இருங்க, தண்ணி கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

டிரைவருக்கு இருப்புக்கொள்ளாத சந்தோஷம். திரையைப் பொருத்தினான், ஒயர்களை ஒன்றாகக் கட்டினான், மேசையைத் துடைத்தான். இப்படி ஒரு வேலையை ஊரில் எவன் செய்வான் என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டே நிமிர்ந்தவனின் கட்டைவிரல், வேலை முடிந்ததும் எங்கே போகுமோ அங்கே போனது. பட்டனை அழுத்திப் பிடித்தது.

விசிறி நின்றது.

"மாப்பிள்ளை!" என்றான் மச்சான்.

டிரைவர் தன் விரலைப் பார்த்தான். அது இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. பதற்றத்தில் மறுபடி அழுத்தினான். விளக்கு வந்தது, விசிறி சுழன்றது, திரை வெளுத்துப் பையனின் பெயரைக் காட்டியது. வாசலில் அந்த அம்மா தம்ளரோடு நின்றிருந்தாள். சத்தம் நின்றதை அவள் காது எப்படித் தவறவிடும்?

"எழுந்துடுச்சும்மா" என்றான் டிரைவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "அம்மா, தெரியாம... கை பழக்கம்மா..." என்று வாய்விட்டு அழுதுவிட்டான்.

அவள் அவனைத் திட்டவில்லை. தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். தண்ணீர் கொஞ்சம்கூடச் சிந்தவில்லை. பிறகு மேசைக்குப் போய், திரையில் இருந்த அந்தப் பெயருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் அணைக்கலடா" என்றாள்.