உறையாத பால்

மனைவி மூடியைத் தூக்கிப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள். தயிராகியிருக்க வேண்டிய பால் சளக்கென்று விளிம்புக்கு ஓடி வந்தது.

“இன்னிக்குன்னு பார்த்து இப்படி! தங்கச்சியும் அவரும் சாப்பிட வர்ற நேரம்.”

அந்த ‘அவரு’க்கு எவ்வளவு மரியாதை என்று கால்நடை மருத்துவர் காதாலேயே எடை போட்டார். சகலைக்கென்றால் மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ! இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு; பெண் எடுத்ததும் ஒரே வீட்டில். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் மாமனார் வீட்டுச் சாய்வு நாற்காலி இவருடையதாக இருந்தது. சின்னவருக்கு விருது கிடைத்த நாளிலிருந்து அதைத் தூசி தட்டி அவருக்குப் போடுகிறார்கள். இவருக்கு ஸ்டூல்.

விருது எதற்கு? வருஷக்கணக்காக மாட்டு மூத்திரத்தைப் பிடித்து அளந்ததற்கு. வலி ஊசியையும் கிருமியைக் கொல்லும் ஊசியையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்தில் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றனவாம். வலி மருந்து வாசலை அடைத்துக்கொள்ள, கிருமி மருந்து வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி, பாலில் கூடுதல் நாள் இறங்குகிறதாம். உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி சகலை இதை விளக்கியபோது மாமியார் கை தட்டினார். இவர் தலைகீழாகத் திரும்பியிருந்த கன்றை இழுத்துக் காப்பாற்றிய கதைக்கு அந்த அம்மாள் கொட்டாவிதான் விட்டிருந்தார்.

அதனால்தான், தெருவுக்குப் பால் ஊற்றும் பால்காரரின் மடிவீங்கிய மாட்டுக்கு இரண்டு ஊசியையும் போட்ட அன்று அவர் கேட்டது சுருக்கென்று தைத்தது.

“ரெண்டும் சேர்த்துப் போட்டா வழக்கத்தைவிடக் கூட நாள் பால் ஊத்தக் கூடாதுன்னு சின்ன டாக்டர் சொன்னாராமே சார்?”

“வைத்தியம் பார்க்கிறது நானா, அவனா? பாட்டில்ல போட்டிருக்கிற கெடு முடிஞ்சதும் ஊத்துய்யா. எவன் கேக்கிறான்னு பார்க்கிறேன்.”

எவனும் கேட்கவில்லை. ஆனால் நோய்க் கிருமி, தயிராக்கும் கிருமி என்ற பேதமெல்லாம் மருந்துக்குத் தெரியாது.

“உறை மோர் சரியில்ல” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார். அங்கே பாதித் தெரு தயிருக்கு நின்றது.

“எங்க மாமியார் கை பட்டா எங்க உறையும்?” என்றாள் ஒருத்தி.

“மாமியாரை விடுக்கா. பால்காரன் எதையோ கலக்கிட்டான். நாளையிலேர்ந்து வேற ஆளு” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

எல்லாத் தலைகளும் ஆடின. தன் தலையும் ஆடியது மருத்துவருக்குச் சற்றுப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் வீடு திரும்பியபோது சகலை அடுக்களையில் நின்று பாத்திரத்தில் கரண்டியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளிர்தான் அண்ணி, வேறொண்ணுமில்ல.”

நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தேவலை. விருதோடு பெருந்தன்மையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் போல. மனைவி அந்தப் பக்கம் போனதும் சகலை குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, வலி ஊசியும் போட்டீங்களா?”

மருத்துவர் தயிர் பாக்கெட்டைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லிடுங்க. நீங்க பார்த்த மாடு. நான் சொன்னா நல்லாயிருக்காது.”

தெருவில் மத்தியானப் பாலுக்கு மணி அடித்தது. பாக்கெட்டும் கையுமாகப் படியிறங்கினார். எதிர்வீட்டு வாசலில் சத்தம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

“என் பிள்ளைங்க மேல சத்தியமா எதையும் கலக்கலம்மா! வேணும்னா டாக்டரையே கேளுங்க.”

இருவரும் இவர் பக்கம் திரும்பினார்கள். மேலே ஜன்னலில் மனைவி. பின்னால் தள்ளி, எட்டிப் பார்க்காமல், சகலை. அவன் எட்டிப் பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

மருத்துவர் தொண்டையைச் செருமினார். பால்காரர் தூக்கிய அளவுக் குவளை கேனுக்கு மேலே அப்படியே நின்றது. அதன் அடியிலிருந்து பால் சொட்டுச் சொட்டாகக் கேனுக்குள்ளேயே திரும்ப விழுந்துகொண்டிருந்தது.