மகாராணியை இறக்கிய அட்டை

விக்டோரியா மகாராணியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவன் நான்தான். அவர் இறந்து தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே இறக்கிவிட்டேன். வாளுமில்லை, படையுமில்லை. தலையில் ஒரு கம்பளித் தொப்பி மட்டும்.

நம்பமாட்டீர்கள். என் மனைவி சிவகௌரியும் நம்பவில்லை. என் பெயர் கணேசலிங்கம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நாளில் வானத்தில் பறந்தவர்களில் என் கைச்சோறு தின்னாதவரே கிடையாது என்று சொன்னாலும் அவள் நம்புவதில்லை.

"நீங்கள் சொல்லுறதிலை பத்திலை ஒண்டைத்தான் எடுக்கலாம்," என்பாள். "அந்த ஒண்டையும் கழுவித்தான் எடுக்கோணும்."

ஆனால் கிறிஸ்துநாயகம் வாயைத் திறந்தால் போதும், அது வேதவாக்கு. அவன் மன்னார்க்காரன், மோர்டனில் எங்கள் தெருவிலேயே இருக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அப்படி வந்த ஒரு நாள், காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலில் வாங்கிய சின்ன அட்டை ஒன்றை மேசையில் வைத்தான். ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த அட்டை. அதில் ஒரு மீசைக்காரன் பொல்லுத் தடியைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் செங்கல் சுவர். சுவரில் பெரிய எழுத்தில் சோப்பு விற்கும் ஒரு சவர்க்கார விளம்பரம், அதன்மேல் வழிந்த ஒரு கறை.

"அக்கா, இது பேஸ்போல். லண்டன் தொழிற்சாலை ஆக்கள் விளையாடினது. அந்த விளம்பரத்தைப் பாருங்கோ. 'எச். எம்.' எண்டு இருக்கு, மிச்சத்தைப் பொல்லு மறைக்குது. மகாராணிக்குச் சவர்க்காரம் குடுக்கிற கம்பனி எண்டு அர்த்தம். அப்ப இது விக்டோரியா காலம்!"

"அதென்ன பேஸ்போல்? இது எல்லே," என்றேன்.

ஊரில் பொல்லால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டுக்குப் பெயர் எல்லே. எங்கள் பேச்சில் 'அல்லவா' என்பதற்கும் எல்லேதான். அதனால் கிறிஸ்துநாயகம் பிடித்துக்கொண்டான்.

"இது எல்லே எல்லே, அண்ணை?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"வெள்ளைக்காரன் லண்டனிலை எல்லே அடிச்சவனாம்!" என்று சிவகௌரியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த கையோடு அவன் தட்டில் இரண்டாவது வடையை வைத்தாள். எனக்கு ஒன்றே ஒன்று. அதுவும் ஓரம் உடைந்தது. என் வயிறு எரிந்த எரிச்சலில் இன்னொரு தாச்சி வடை பொரித்திருக்கலாம்.

அதோடு விட்டார்களா? பக்கத்து நூலகம் அந்த அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'விக்டோரியா காலம். உரிமை: கிறிஸ்துநாயகம்' என்று துண்டு எழுதியது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு வரும் பெண்களையெல்லாம் சிவகௌரி கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் என்னைக் காட்ட அவள் ஒருவரையும் கூட்டிவந்ததில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அது எல்லேதான் என்று நிரூபித்துவிட்டால், என் மனைவி ஒருமுறையாவது என் பேச்சை நம்புவாள். சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். பழைய படங்களுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணியிடம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்:

"எல்லே படங்கள் இருந்தால் காட்டுங்கள்."

"'எல்'லா? ஓ, தாராளமாக," என்று உள்ளே போனவள், ஆங்கில எழுத்து 'எல்' ஒட்டிய ஒரு பெட்டியைத் தூக்கிவந்தாள்!

வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திறந்தேன். முதலில் லைப்ரரி, பிறகு லாம்ப் கம்பங்கள், பிறகு லோண்ட்ரி. அந்தச் சலவைச்சாலைப் படத்தைக் கண்டதும் என் தொப்பி தானாகவே ஒரு முழம் மேலே எழும்பியது. அதே செங்கல் சுவர்! அதே சவர்க்கார விளம்பரம், அதன்மேல் வழிந்த அதே கறை. மீசைக்காரன் மட்டும் இல்லை. பொல்லு மறைத்த சொல் பட்டப்பகல்போல் தெரிந்தது: கிங்.

மகாராணி இல்லை, ராசா! 'எச். எம்.' இருவருக்கும் பொதுவான மரியாதைப் பட்டம்.

பெண்மணியைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியோடு வந்து அட்டையைப் பார்த்தாள். பொல்லின் மறுபக்கம் ஒரு சின்ன வளைவு. கிறிஸ்துநாயகம் கீறல் என்று சொன்ன வளைவு. 'குயீன்' என்ற சொல் 'என்' எழுத்தில் முடியும். அது முழுக்க நேர்கோடு. 'கிங்' முடிவது 'ஜி'யில், அதுதான் வளையும். விக்டோரியா இறந்து, மகன் ராசாவானது 1901இல். அட்டை அதற்குப் பிந்தியது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

"மகாராணியை இறக்கிப்போட்டன்!"

"முதல்லை அந்தத் தொப்பியை இறக்குங்கோ," என்றாள் சிவகௌரி.

மறுநாள் கிறிஸ்துநாயகம் வந்தான். விஷயம் அவனுக்குத் தெரியும் என்பதை முகமே காட்டியது. சிவகௌரி அவனைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும், அக்கா? நூலகக்காரர் ஏதோ மாத்தினவையாம்," என்று வடையைக் குனிந்து பார்த்தான். இப்போது எரிவது யாருடைய வயிறு என்று எனக்கு விளங்கியது. ஆனால் வடைக் கணக்கு மாறவில்லை: அவனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

அடுத்த கிழமை சிவகௌரி வழக்கம்போலக் கோயில் பெண்களோடு நூலகத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். என்னைப் புது ஆளைப்போலப் பார்த்தாள்.

"எல்லே எண்டு கேட்டே அந்தப் படம் கிடைச்சது?"

"ஓம்."

"அந்த நூலக மனிசி சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ."

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துநாயகம் வந்து உட்கார்ந்தான். அவன் தட்டில் ஒரு வடை விழுந்தது. என் தட்டில் இரண்டு, ஓரம் உடையாதவை.

"என்னக்கா இது?" என்றான்.

"நூலகத்துத் துண்டிலை இப்ப பேர் போட்டிருக்கு, கிறிஸ்து. அட்டை உம்மடை, காலத்தைக் கண்டுபிடிச்சது கணேசலிங்கம். நான் இரண்டு தரம் வாசிச்சனான்." சட்னிக் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்தினாள். "ஓம், நடந்ததுதான். மகாராணியை இறக்கினது இவர்தான் எல்லே!"